யார் செய்த பாவம், எந்தக் களிம்பு

எங்கள் மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுப்பது பெண் என்பதால், பாளையங்கோட்டையில் வேறு கடைகளில் வாய் திறக்காதவர்கள் என்னிடம் வருவார்கள். முதலில் ஒரு பாராசிட்டமால் அட்டை கேட்பார்கள், அப்புறம் பிள்ளைக்குச் சளி மருந்து. கூட நின்றவர் பில்லை வாங்கிக்கொண்டு படியிறங்கியதும் குரல் தணியும். "அக்கா, அங்க ஒரு புண்ணு. சின்னச் சின்னக் கொப்புளமா வந்து உடையுது. ஒண்ணுக்குப் போனா உயிர் போகுது. பூசுறதுக்கு ஏதாவது தாங்க."

எல்லோரும் பூசுறதுக்குத்தான் கேட்பார்கள். மாத்திரை கேட்டு ஒருவரும் வருவதில்லை. இதற்கு நான் வைத்திருக்கும் காரணம் என் ஊகம்தான். மாத்திரை உள்ளே போகிறது. உள்ளே மருந்து போனால் வியாதியும் உள்ளே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். களிம்பு தோலோடு நின்றுவிடும். கதவைச் சாத்திக்கொண்டு தன் கையாலேயே தடவி, கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தால் எதுவும் நடக்காத மாதிரி இருக்கலாம். கழுவுவது, பூசுவது, துடைப்பது எல்லாம் நம் கோயில்களிலும் சபைகளிலும் தீட்டுக் கழிக்கச் செய்கிற காரியங்கள். அவர்கள் கேட்பதில் பாதி மருந்து, பாதி பரிகாரம்.

அந்தக் கொப்புளம் பெரும்பாலும் ஹெர்பிஸ் என்ற வைரஸால் வருவது. சிரிக்கும்படியான விஷயம், ஹெர்பிஸுக்கு முதலில் வந்த நல்ல மருந்தே களிம்பாகத்தான் வந்தது. பர்ரோஸ் வெல்கம் கம்பெனியில் உருவான அசைக்ளோவிர், 1982-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியபோது 5 சதவீதக் களிம்பு. பிறப்புறுப்பில் முதல் தடவை வரும் ஹெர்பிஸுக்கென்றே அந்த அனுமதி. மாத்திரை பிறகுதான் வந்தது. அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் முனைவர் பட்டம் முடிக்காதவர். 1988-இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மருந்தியல் படித்த நாளிலிருந்து எனக்கு அசைக்ளோவிர் மேல் ஒரு தனி மரியாதை. நல்ல செல்லுக்குள் போனால் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில்தான் அதற்கு உயிர் வரும். வைரஸ் தன் காரியத்துக்காகச் செய்துகொள்ளும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி, ஆள் தெரியாமல் இந்த மருந்தில் முதல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். மிச்சம் இரண்டை நம் செல்லின் நொதிகளே ஒட்டும். மூன்றும் சேர்ந்ததும் மருந்து வைரஸின் டிஎன்ஏ சங்கிலியில் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கண்ணி கோக்க இடம் கொடுக்காது. வைரஸ் தன் கையாலேயே தனக்கு முடிவு கட்டிக்கொள்கிறது. இந்த உடம்பு பத்தினியுடையதா, பரத்தையுடையதா, ஊர் மேயும் கணவனுடையதா என்று எந்த இடத்திலும் அந்த மருந்து கேட்பதில்லை. வைரஸ் இங்கே வேலை செய்கிறதா என்பது ஒன்றுதான் அதற்குக் கேள்வி.

ஆனால் களிம்பாகப் பூசினால் காரியம் அவ்வளவாக நடப்பதில்லை. புண் தெரிவது தோலில். வைரஸின் குடியிருப்பு வேறு இடம். முதல் தடவை தொற்றியதும் அது நரம்பு வழியே மேலேறி, முதுகுத் தண்டின் அடிப்பக்கமுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், மாதவிடாய், மன உளைச்சல் என்று ஏதோ ஒன்று தட்டும்போது அதே நரம்பு வழியே இறங்கி வரும். மேலே தடவுகிற கிரீம் அந்த முடிச்சை எட்டாது. உறங்குகிற வைரஸை மாத்திரையும் கொல்லாது. ஆனாலும் மாத்திரை ரத்தத்தோடு சுற்றி, இறங்கி வந்த வைரஸைப் பெருகவிடாமல் மடக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி, இந்த நோய்க்கு வைரஸ் எதிர்ப்புக் களிம்பால் பலன் மிகச் சொற்பம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றே சொல்கிறது. நம் அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் கொடுக்கும் சிவப்பு நிற மருந்துப் பொட்டலத்திலும் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரைதான் இருக்கிறது, தினம் 3 வேளை, 7 நாளைக்கு. டியூப் எதுவும் கிடையாது.

பூசுவதில் உபயோகமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. வலியோடு நிற்கிறவளுக்கு வேதியியல் பாடமா நடத்துவது? டாக்டர் எழுதிக் கொடுக்கிற லிக்னோகைன் ஜெல் கொஞ்ச நேரம் மரக்கடிக்கும். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தால் இதமாக இருக்கும். ஒன்றுக்குப் போக உயிர் போகிறவர்கள் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். இதைச் சொல்லும்போது எத்தனையோ பேர் முகம் மலர்ந்திருக்கிறது. வெறும் வாசலின் தடவினால் துணி உரசாது. உள்ளாடை தளர்ந்த பருத்தியாக இருக்கட்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பது ஒன்றைத்தான்: படை, சொறி, அரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்று வீட்டில் வைத்திருக்கிற ஸ்டீராய்டு கலந்த கிரீம். இரண்டு நாள் சிவப்பு அடங்கின மாதிரி காட்டும், அதற்கடியில் புண் பரவும்.

களிம்புக்கு நல்ல பேர் கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் தடவை வருவது இரண்டிலிருந்து நான்கு வாரத்திலும், திரும்பத் திரும்ப வருவது ஒரு வாரம் பத்து நாளிலும் தானாகவே ஆறிவிடும். அந்த நாட்களில் எதைப் பூசினாலும் புகழ் அதற்குத்தான். எங்கள் ஆச்சிக்கு முதுகில் அக்கி வந்தபோது குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்று தலைமுறையாக வேதக்காரக் குடும்பம். சபையில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்ற பயம் இருந்தாலும் போனார்கள். வேளார் செங்காவியைக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றி ஏதோ ஒரு மிருகத்தின் உருவத்தை வரைந்திருந்தார். சட்டை போடாமல் திண்ணையில் குப்புறப் படுத்திருந்த ஆச்சியின் முதுகு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த அக்கி வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தில் பங்காளி. அதுவும் நரம்பு முடிச்சில் படுத்துக் கிடந்து வருவதுதான். ஆனால் ஆச்சியிடம் "என்ன பாவம் செய்தாய்" என்று ஒருவரும் கேட்கவில்லை. உடம்புச் சூடு என்றார்கள், இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

உதட்டில் வந்தாலும் அப்படித்தான். காய்ச்சல் புண், ராத்திரி பூச்சி ஏதோ கடித்திருக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவிவிட்டு வேலைக்குப் போவார்கள். அது ஹெர்பிஸ் வைரஸின் முதல் வகை. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் அது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில், கொஞ்சுகிற உறவுக்காரர்களின் முத்தத்தில் வருவது. அதே முதல் வகை வாய் வழியாகப் பிறப்புறுப்புக்கும் வரும். இரண்டாம் வகையையும் சேர்த்தால், 15 முதல் 49 வயதுக்குள் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ளவர்கள் 84 கோடிக்கு மேல், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஆக, ஒரே வைரஸ் இடுப்புக்கு மேலே வந்தால் பூச்சிக்கடி, கீழே வந்தால் நியாயத்தீர்ப்பு. கடவுள் தண்டிக்கிறார் என்றால், அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டா தண்டிப்பார்?

1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் டைம் பத்திரிகை ஹெர்பிஸை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. ஒழுக்கம் தவறிய பெண்ணின் மார்பில் சிவப்பு எழுத்தைத் தைத்துவிடுகிற ஹாதார்னின் நாவலை நினைவூட்டி, இந்த நோயை இன்றைய சிவப்பு எழுத்து என்றது. களிம்பு வந்த அதே வருஷம் முத்திரையும் வந்துவிட்டது. படித்தவர்கள், நாகரிகமானவர்கள், கோயிலுக்குப் போகாதவர்கள்கூட அங்கே பாவத்தின் பாஷையில்தான் பேசினார்கள். நம் ஊரை மட்டும் குறை சொல்ல வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடைக்கு வருகிற பெண்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு மறுபடி வரும்போது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நானா அக்கா, அவரா?" இதற்கு மருத்துவத்தில் பதில் கிடையாது. அந்த வைரஸ் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு இன்றைக்குக் கொப்புளமாக வரலாம். புண்ணே இல்லாத நாளிலும் தோலிலிருந்து உதிர்ந்து தொற்றலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசாக அடைக்காது. கணவன் கல்யாணத்துக்கு முன்னால் எங்கோ வாங்கியதாக இருக்கலாம், போன மாதம் வாங்கியதாகவும் இருக்கலாம். அவனுக்கே தெரியாமலும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வைரஸ் உண்டா என்று சொல்லும், எந்தத் தேதியில் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. இதைப் பொறுமையாக விளக்குவேன். விளக்கி முடித்த பிறகும் அதே கேள்வியைக் கேட்பார்கள், ஏனென்றால் அவர்கள் கேட்பது வைரஸைப் பற்றி இல்லை.

யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்பதும் இதே கேள்விதான். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்கிறார்கள். இரண்டில் ஒன்று சரியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இயேசு இரண்டையும் இல்லை என்று தள்ளிவிடுகிறார். அந்த அதிகாரத்தைப் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் எல்லாரும் வெளிச்சத்துக்கும் பார்வைக்கும் ஓடிப்போய்விடுவார்கள். மருந்துக்கடைக்காரியான நான் நடுவிலேயே நின்றுவிடுவேன். அவர் தரையில் துப்பி, சேறு குழைத்து, அவன் கண்ணில் பூசுகிறார். அப்புறம் சீலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொல்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருக்கிறவர் எதற்காகச் சேறு குழைத்தார்? அந்த மனிதன் அதுவரை ஊரார் பேச்சைத்தான் கேட்டிருப்பான், ஒருவர் கை அவன்மேல் பட்டு எத்தனை காலமோ. இது வேதசாஸ்திரிகள் ஒப்புக்கொள்ளும் விளக்கமா என்று தெரியாது, எனக்குப் போதும். வேதத்தில் பூசுவது புதிதும் இல்லை. எசேக்கியா ராஜாவுக்கு வந்த பிளவைக்கு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். நல்ல ராஜா என்று வேதமே சொல்கிற ஆளுக்குத்தான் பிளவை வந்தது.

எனக்கு எதிராக இருக்கும் வசனங்களை மறைக்கக் கூடாது. அதே யோவானில், நான்கு அதிகாரம் முன்னால், பெதஸ்தா குளத்தருகே குணமானவனிடம் இயேசு, இனிப் பாவம் செய்யாதே, இதைவிடக் கேடானது வரும் என்று எச்சரிக்கிறார். நோய்க்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் இதைத்தான் எடுப்பார்கள். அது குணமான பிறகு சொன்ன பேச்சு, குணமாக்கினவர் தனியாகக் கண்டு சொன்னது என்பதை விட்டுவிடுவார்கள். படுக்கையில் கிடந்தவனிடம் அவர் கேட்டது சுகமாக விருப்பமா என்று மட்டும்தான். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இன்னும் கடினம். அபாத்திரமாய்த் திருவிருந்தில் பங்குபெறுவதால்தான் உங்களில் பலர் நோயாளிகள் என்கிறார். ஆனால் அந்த அதிகாரத்தை மேலேயிருந்து படித்தால், அவர் கோபப்படுவது இல்லாதவர்களைப் பசியோடு விட்டுத் தாங்கள் மட்டும் சாப்பிட்டுக் குடித்தவர்கள் மேல். அந்தக் குற்றத்துக்கு வியாதி வருமென்றால் எங்கள் சபையில் முதல் நாலு பெஞ்சுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், சிவதீட்சை வாங்கியவர். பிரஷர் மாத்திரை வாங்க வருவார். யாரைப் பற்றி என்று சொல்லாமல் இந்தக் கேள்வியை அவரிடம் போட்டேன். "தங்கச்சி, எங்க கணக்கு உங்க கணக்கைவிடச் சுத்தம்" என்றார். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். சேர்த்துவைத்த வினை மூட்டையாகக் கிடக்கும், அதில் இந்தப் பிறவிக்கு முகந்தது அனுபவத்துக்கு வரும், இப்போது செய்வது மேலேறும். கேட்டதும் எனக்குத் திக்கென்றது. நரம்பு முடிச்சில் உறங்குகிறது சஞ்சிதம், தோலில் கொப்புளிக்கிறது பிராரத்தம் என்று அச்சாகப் பொருந்துகிறதே! கடை சாத்தும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பொருந்தாத இடம் தட்டுப்பட்டது. வினை தொற்றாது. அவரவர் செய்ததை அவரவர்தான் அனுபவிக்க வேண்டும், அதுதானே அந்தச் சித்தாந்தத்தின் நேர்மை. வைரஸோ தொற்றும். அதுவும் பகையில் தொற்றுவதில்லை, அணைத்துக்கொள்கிறபோது தொற்றுகிறது. அடுத்த தடவை வந்தவரிடம் இதைச் சொன்னேன். அந்தச் சேர்க்கையும் வினைவசம்தான் என்றார். அப்படியானால் கல்யாணம் பண்ணிக்கொண்டதே அவள் குற்றமா என்றேன். சில்லறையை எண்ணிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னிடம் தங்கியது. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது சம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். இது அந்த வினைக்கு வந்தது என்று சொல்லிக்கொண்டு, தப்பிக்கும் வழி தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு ஊனம் இல்லையா என்று அடியார்களையே அவர் கேட்கிறாராம். வினையை அவர் மறுக்கவில்லை, வினையைச் சாக்காக வைத்துச் சும்மா இருப்பதைத்தான் சாடுகிறார். மதுரையில் பாண்டியனின் வெப்பு நோயைத் திருநீறு தடவித்தான் தீர்த்தார் என்றும் ஆசிரியர் நினைவுபடுத்தினார். உடம்பின் இடப்பக்கம் சமணர்கள் பொறுப்பு, வலப்பக்கம் சம்பந்தர் பொறுப்பு. அந்தப் போட்டியில் எனக்கு ருசியில்லை. ஆனால் அங்கேயும் ஒரு கை ராஜாவின் உடம்பைத் தொட்டிருக்கிறது.

சின்ன விஷயம் ஒன்று, விட மனமில்லை. பிறப்புறுப்பு ஹெர்பிஸை முதலில் விவரித்து எழுதியவர்களில் ஒருவர் ழான் அஸ்ட்ருக், பிரெஞ்சு அரண்மனை வைத்தியர். பால்வினை நோய்களைப் பற்றிய அவர் நூல் 1736-இல் வந்தது. இறையியல் படித்த என் தம்பிக்கு அதே பேர் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருந்தது. ஆதியாகமத்தில் கடவுளுக்கு இரண்டு பேர்கள் மாறி மாறி வருவதைப் பிரித்துப் பார்த்து, மோசே பழைய மூலங்களிலிருந்து தொகுத்திருக்க வேண்டும் என்று 1753-இல் பேர் போடாமல் புத்தகம் வெளியிட்டவரும் அவரேதான். அந்தரங்கப் புண்ணையும் வேதப் புத்தகத்தையும் ஒரே கண்ணால் கூர்ந்து பார்த்த மனுஷன். பேர் போட்டது எதற்கு, போடாதது எதற்கு என்று பாருங்கள்.

பூசுகிற மருந்து ஒன்று வேறு ஒரு நியாயத்துக்கு அருகில் வந்தது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில், நம் நாட்டு வம்சாவளியினரான குவாரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் 889 பெண்களிடம் 1 சதவீத டெனோஃபோவிர் ஜெல்லைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி.க்காகத்தான் ஆரம்பித்தது. 2010-இல் முடிவு வந்தபோது எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதமும், கூடவே ஹெர்பிஸின் இரண்டாம் வகை 51 சதவீதமும் குறைந்திருந்தன. புருஷனிடம் ஆணுறை போடச் சொல்ல முடியாத பெண் தானே பூசித் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்றார்கள். பின்னால் நடந்த பெரிய சோதனைகளில் எச்.ஐ.வி.க்கு அந்தப் பலன் நிற்கவில்லை. நிறையப் பெண்களால் ஒழுங்காகப் பயன்படுத்த முடியவில்லை. ஒளித்துவைத்துப் பூச வேண்டிய மருந்தை எந்த வீட்டில் எங்கே ஒளிப்பது?

மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் வருகிறவர்களை மகப்பேறு டாக்டரிடமோ தோல் டாக்டரிடமோ அனுப்புவேன். கர்ப்பிணியாக இருந்தால் கட்டாயம் சொல்லிவிடச் சொல்வேன். பிரசவ வலி எடுக்கும்போது புண் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து. கடைசி மாதத்தில் மாத்திரை கொடுப்பார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். கணவனுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதில் நான் தலையிடுவதில்லை. தினம் ஒரு வாலசைக்ளோவிர் போட்டுக்கொண்டால் துணைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதை மட்டும் சொல்லிவைப்பேன்.

போன தவக்காலத்தில் ஒரு பெண் சீட்டோடு வந்தாள். மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போது, "அக்கா, நான் திருவிருந்து எடுக்கலாமா?" என்றாள். சில ஞாயிற்றுக்கிழமைகளாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறாளாம். ஒரே பாத்திரத்தில் எல்லோரும் குடிப்பதால் தன்னிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்விடும் என்று பயம், அதற்கும் அடியில் பவுலின் வசனம். இது பாத்திரத்தின் வழியாகப் போகிற புண் இல்லை என்றேன். உதட்டில் காய்ச்சல் புண்ணோடு பந்திக்கு வருகிற அண்ணன்மார்கள் பாத்திரத்தில் வாய் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், அவர்களைத்தான் ஒரு வாரம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?"

"எப்ப வேணும்னாலும் போடலாம். தண்ணி மட்டும் நிறையக் குடிக்கணும்."

போகும்போது ஒரு வாசலினும் கேட்டாள். குணமாக்காது, உரசல் எரிச்சல் குறையும் என்று சொல்லிக் கொடுத்தேன்.